தோண்டியவன் கையில் தங்காத வெள்ளி

அமெரிக்காவில் ஒரு மலையையே குடைந்து வெள்ளி எடுத்த ஸ்பெயின் ஏன் பணக்கார நாடாக நிலைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வெள்ளியெல்லாம் சீனாவுக்குப் போனதாகவும், வரத்து நின்றதும் அங்கே ஆண்ட மிங் அரசு கவிழ்ந்ததாகவும் ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். அது உண்மையா என்றும் கேட்கிறீர்கள். கேள்வி ஸ்பெயினில் தொடங்கினாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: ஓர் உலோகம் இடம் மாறுவதாலேயே ஒரு பேரரசு எழவும் விழவும் முடியுமா? கல்லூரியில் 26 ஆண்டுகள் உலக வரலாறு நடத்தியவன் நான். பழைய நாணயங்களைச் சேர்க்கும் பழக்கமும் உண்டு. ஸ்பானிய மொழியைத் தட்டுத்தடுமாறிப் படிப்பேன், சீனம் தெரியாது. ஆகவே மிங் அரசைப் பற்றி நான் சொல்வது மொழிபெயர்ப்புகள் வழியாகவும் பிறருடைய ஆய்வுகள் வழியாகவும் அறிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலையிலிருந்தே தொடங்குவோம். பொட்டோசி இன்றைய பொலிவியாவில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம். மரம்கூட ஒழுங்காக வளராத குளிர்ப் பொட்டல். 1545-இல் அங்கே வெள்ளி கண்டார்கள். மேலாகக் கிடைத்த செழிப்பான தாதுவை முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அந்த மலைநாட்டு மக்களே தங்கள் காற்று உலைகளில் உருக்கிக் கொடுத்தார்கள். சரிவில் காற்று அடிக்கும் பக்கம் பார்த்து வைக்கும் சிறிய மண் உலைகள் அவை. பிறகு தாதுவின் தரம் இறங்கியது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தது பாதரசம். பொடித்த தாதுவோடு உப்பும் பாதரசமும் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறையை 1554-இல் மெக்சிகோவின் பச்சுகாவில் பர்த்தலோமே தே மெதினா என்பவர் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். 1560களில் பெருவின் உவான்காவெலிக்காவில் பாதரசச் சுரங்கமே அகப்பட்டது. 1570களில் பிரான்சிஸ்கோ தே தொலேதோ என்ற வைஸ்ராய் இந்த இரண்டையும் பொட்டோசியில் சேர்த்தார். ஆட்களுக்கும் அவரே வழி செய்தார்.

அந்த வழியின் பெயர் மீத்தா. இன்கா காலத்தில் இருந்த ஊழிய முறையின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வரும் கட்டாய உழைப்போடு இதை ஒப்பிடலாம். ஆனால் இங்கே பெயருக்குச் சிறு கூலி உண்டு. குறிப்பிட்ட மலை மாவட்டங்களின் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர், ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர், குடும்பத்தையும் லாமாக்களையும் ஓட்டிக்கொண்டு பொட்டோசிக்கு நடந்து வர வேண்டும். ஒரு வாரம் சுரங்கம், இரண்டு வாரம் ஓய்வு என்பது சட்டம். கூலி வயிற்றுக்குப் போதாததால் ஓய்வு வாரங்களிலும் அதே சுரங்கத்தில் தினக்கூலிகளாக இறங்கினார்கள். பொட்டோசியில் 80 லட்சம் பேர் செத்தார்கள் என்று இணையத்தில் அடிக்கடி ஓர் எண் வரும். அதற்கு ஆவண ஆதாரம் கிடையாது. இருமலும் பாதரச நஞ்சும் மலையடிவாரக் கிராமங்கள் காலியானதும் ஆவணங்களில் தெளிவாகவே இருக்கின்றன. அந்தக் கொடுமையைச் சொல்ல மிகையான எண் எதற்கு?

இப்போது ஸ்பெயின். பாடப்புத்தகங்களில் 'ஆடம்பரச் செலவு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். மாணவர்களும் அதையே எழுதி மதிப்பெண் வாங்கிப் போவார்கள். அரசவையில் ஆடம்பரம் இருந்தது. ஆனால் வெள்ளியைத் தின்றது போர். வெட்டி எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு. மிச்சம் சுரங்கக்காரர்களுக்கும் வணிகர்களுக்கும். அரசனின் பங்கும் மற்ற வரவுகளும் செவில் நகரத்துக்குக் கப்பல் கப்பலாக வந்தன. நம் ஊரில் அறுவடை முடிந்து நெல் களத்துமேட்டில் கிடக்கும்போதே கடன் கொடுத்தவர் மரக்காலோடு வந்து நிற்பது உண்டு. வீட்டுக் குதிருக்குப் போவது அளந்தது போக மிஞ்சியதுதான். இரண்டாம் பிலிப்பின் நிலை அதுதான். நெதர்லாந்தில் 1568-இல் மூண்ட கலகம் இடையில் ஓய்ந்தும் எரிந்தும் 1648 வரை இழுத்தது. அங்கே நிற்கும் படைக்குச் சம்பளம் போக வேண்டும். கப்பல் வரும்வரை சிப்பாய் காத்திருக்க மாட்டான். ஆகவே ஜெனோவா நகரத்து வட்டிக்கடைப் பெருந்தனக்காரர்கள் முன்பணம் கொடுத்தார்கள். கப்பல் கரை தட்டியதும் அதிலிருந்த வெள்ளி அவர்களுக்குப் போனது.

1557, 1560, 1575, 1596 என்று நான்கு முறை பிலிப்பின் அரசு கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. 1575 அறிவிப்பின் விளைவு அடுத்த ஆண்டே தெரிந்தது. சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படையினர் 1576 நவம்பரில் ஆண்ட்வெர்ப் நகரத்துக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஐரோப்பாவின் பெரிய வணிக நகரங்களில் ஒன்றை அதன் அரசனின் படையே சூறையாடியது. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. வெள்ளி உச்சத்தில் வந்த 1590களில்கூட, அரசின் வருவாயில் அமெரிக்க வெள்ளி ஏறத்தாழ கால் பங்குதான். பெரும்பகுதியைக் காஸ்டில் நாட்டு உழவரும் கடைக்காரரும் விற்பனை வரியாகவும் உணவுப்பொருள் வரியாகவும் கட்டினார்கள். வெள்ளியின் பெரிய தீங்கு, அது தாங்க முடியாத போர்களைத் தாங்க முடியும் என்று அரசனை நம்பவைத்ததுதான் என்பது என் கருத்து. வரப்போகும் வெள்ளியைக் காட்டிக் கடன் வாங்க முடிந்தது. கடன் கிடைத்ததால் போர் நீண்டது.

விலைவாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் விலைகள் மூன்று, நான்கு மடங்கு ஏறின. இதை 'விலைப் புரட்சி' என்பார்கள். நூறு ஆண்டில் நான்கு மடங்கு என்றால் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. இன்று அந்த அளவுக்கு விலை ஏறினால் நாம் நிம்மதியாகத் தூங்குவோம். வெள்ளி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில் மக்கள்தொகையும் பெருகியது, தானியத் தேவையும் கூடியது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் கடலின் மறுகரையில் இருக்கிறது. மிங் அரசு 1375-இல் காகிதப் பணம் வெளியிட்டது. அதைக் கொடுத்து வெள்ளி கேட்க முடியாது. அச்சிடுவதற்கும் கட்டுப்பாடு இல்லை. அடுத்த நூற்றாண்டின் நடுவில் அது கடைவீதியில் மதிப்பற்றுப் போனது. செப்புக் காசு சில்லறைக்கு உதவும், பெரிய வணிகத்துக்கு உதவாது. ஆகவே மக்கள் தாமாகவே வெள்ளிக் கட்டிக்கு மாறினார்கள். அரசு முதலில் தடுத்துப் பார்த்தது. பிறகு பின்னாலேயே நடந்தது. 1436-இல் தென் மாநிலங்கள் சிலவற்றின் நிலவரியின் ஒரு பகுதியை வெள்ளியாக வாங்கத் தொடங்கினார்கள். தானியம், துணி, உடலுழைப்பு என்று பல வடிவில் இருந்த வரிகளை ஒன்றாகக் கட்டி வெள்ளியில் வசூலிக்கும் முறை ஊர் ஊராகப் பரவி, 1581-இல் தலைமை அமைச்சராக இருந்த ஜாங் ஜூஜெங் காலத்தில் நாடு முழுமைக்கும் ஆனது. 'ஒற்றைச் சாட்டை' முறை என்பது அதன் பெயர். பத்துக் கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாடு. எல்லோரும் ஆண்டுதோறும் வெள்ளி தேட வேண்டும். சொந்தச் சுரங்கங்களோ சொற்பம். அங்கே வெள்ளியின் விலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த விலைக்கு நல்ல சான்று இருக்கிறது. 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்பெயினில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறத்தாழ 12 பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். சீனாவில் ஆறேழு பங்கு போதும். அதாவது ஒரே வெள்ளிக்கட்டிக்குச் சீனாவில் ஏறத்தாழ இரட்டை மதிப்பு. வேறு எந்தச் சரக்கும் இல்லாமல், வெள்ளியைக் கொண்டுபோய்த் தங்கமாக மாற்றித் திரும்பினாலே பணம் பெருகும். பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டால் இன்னும் ஆதாயம். 'வெள்ளி பாய்ந்தது' என்று எழுதுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாய்கிறது. வெள்ளியைச் சீனர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். ஆசியாவிடம் விற்க ஐரோப்பாவிடம் சரக்கு இல்லாததால் வெள்ளி 'வடிந்துவிட்டது' என்று எழுதுவோர் வெள்ளியும் ஒரு சரக்குதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் வந்தது அமெரிக்க வெள்ளியும் அல்ல. ஜப்பானின் இவாமி சுரங்கம் 1526-இல் வேலையைத் தொடங்கியது. ஈயத்தோடு சேர்த்து உருக்கி வெள்ளியைப் பிரிக்கும் முறை 1533-இல் கொரியாவிலிருந்து அங்கே வந்ததும் விளைச்சல் பெருகியது. ஆனால் கடற்கொள்ளைக்குப் பயந்த மிங் அரசு ஜப்பானோடு நேரடி வணிகத்தைத் தடை செய்திருந்தது. அந்த இடைவெளியில்தான் போர்ச்சுகீசியர் பிழைத்தார்கள்: 1557-இல் சீனக் கரையில் மக்காவ், 1571-இல் ஜப்பானில் நாகசாகி, இந்தப் பக்கம் பட்டு, அந்தப் பக்கம் வெள்ளி. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த சரக்கு அந்த வணிகத்தில் மிகச் சிறிது. தரகுதான் தொழில்.

அதே 1571-இல் லெகாஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி பிலிப்பைன்ஸின் மணிலாவைத் தலைமையிடமாக்கினார். அதற்கு இரண்டு கதவுகள் முன்பே திறந்திருந்தன. 1565-இல் ஊர்தனெத்தா என்ற துறவி, வடக்கே ஏறி மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்தால் பசிபிக்கைத் தாண்டி மெக்சிகோ திரும்பலாம் என்று காட்டினார். 1567-இல் மிங் அரசு புஜியான் கரையில் யுவெகாங் துறைமுகத்தைத் தனியார் வணிகத்துக்குத் திறந்துவிட்டது. மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளி மணிலாவை எட்டும். திரும்பும் பயணம் நான்கு, ஐந்து, ஆறு மாதம்கூட ஆகும். இந்தக் கப்பல்கள் 1815 வரை ஓடின. மணிலாவில் கோட்டைக்கு வெளியே பாரியான் என்ற சீனர் குடியிருப்பு. ரொட்டி சுடுவதிலிருந்து தேவாலயச் சிலை செதுக்குவதுவரை அவர்கள் வேலை. ஸ்பானியர்களைவிட அவர்கள் பல மடங்கு அதிகம். அதனால் ஸ்பானியர்களுக்கு வந்த அச்சமே 1603-இல் பெரும் படுகொலையானது. பல்லாயிரம் சீனர்கள் கொல்லப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் புஜியான் கப்பல்கள் மறுபடியும் மணிலாவில் நங்கூரம் போட்டன. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நம்பமாட்டார்கள். வெள்ளியின் விலை அப்படி இழுத்தது.

எவ்வளவு வெள்ளி என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். 1500 முதல் 1800 வரை உலகில் வெட்டிய வெள்ளியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதை ஏறக்குறைய எல்லோரும் ஏற்கிறார்கள். சுரங்கத்துக்குப் போன பாதரசத்தின் அளவும் நாணயச்சாலைக் கணக்கும் ஒன்றையொன்று சரிபார்க்க உதவுகின்றன. மணிலா வழியாகப் போன அளவு அப்படி அல்ல. 1593 ஆணைப்படி மணிலாவுக்குத் திரும்பும் வெள்ளி ஆண்டுக்கு 5,00,000 பெசோவைத் தாண்டக்கூடாது. ஒரு பெசோவில் இருபத்தைந்தரை கிராம் தூய வெள்ளி. ஆக ஏறத்தாழ 13 டன். இந்த வரம்பை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. 20 லட்சம் பெசோ, அதாவது 50 டன் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அதில் பாதிகூட இராது என்பவர்களும் உண்டு. கள்ளக்கடத்தலுக்குக் கணக்கேடு கிடையாது. காணொளியில் யாராவது 'சரியாக இத்தனை விழுக்காடு சீனாவுக்குப் போனது' என்று சொன்னால் அந்த இடத்தில் சந்தேகப்படுங்கள். ஐரோப்பாவில் தங்கியதும் துருக்கி, பாரசீகம், இந்தியா என்று வழியில் நின்றதும் நிறையவே உண்டு.

இனி மிங் வீழ்ச்சி. வாதம் இப்படிப் போகும்: 1639-இல் ஜப்பான் போர்ச்சுகீசியரை வெளியேற்றியது, அதே ஆண்டு மணிலாவில் இரண்டாவது படுகொலை, 1640-இல் போர்ச்சுகல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்ததால் மக்காவ்-மணிலா வணிகமும் அறுந்தது, வெள்ளி வரத்து சட்டென வற்றி, வரி கட்ட முடியாமல், 1644-இல் அரசு விழுந்தது. 1980களில் இது பலமாகப் பேசப்பட்டது. கேட்கவும் அழகாக இருக்கிறது. நானே சில ஆண்டுகள் இப்படித்தான் நடத்தினேன். பின்னர் வந்த ஆய்வுகள் கணக்கை மறுபடி பார்த்தன. போர்ச்சுகீசியர் போன இடத்தில் டச்சுக்காரரும் சீன வணிகர்களும் ஜப்பானிய வெள்ளியை ஏற்றினார்கள். மொத்த வரத்து அந்த ஐந்து ஆண்டில் அப்படியொன்றும் இடிந்து விழவில்லை. அதுவரை வந்து சேர்ந்த வெள்ளியோடு ஒப்பிட்டால் ஓரிரு ஆண்டுக் குறைவு பெரிதும் அல்ல.

அரசைக் கவிழ்த்தவை பக்கத்திலேயே இருந்தன. 1638 முதல் 1641 வரை வடக்கிலும் நடுவிலும் கடும் வறட்சி, வெட்டுக்கிளி, பஞ்சம். 1643-இல் பெய்ஜிங்கில் கொள்ளைநோய். வடகிழக்கு எல்லைக்கு அப்பாலிருந்து தாக்கிய மஞ்சுக்களை எதிர்க்க 1618-இலிருந்து கூடுதல் படைவரி; அது மேலும் மேலும் ஏறியது. செலவைக் குறைக்க 1629-ஐ ஒட்டி அஞ்சல் நிலையங்களை மூடினார்கள். வேலை இழந்தவர்களில் ஒருவர் லீ ஜிசெங். அவர்தான் கலகப் படையைத் திரட்டி 1644 ஏப்ரலில் பெய்ஜிங்கைப் பிடித்தார். சோங்ஜென் பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கிட்டுக்கொண்டார். சில வாரங்களில் எல்லைத் தளபதி வூ சாங்குய் மஞ்சுக்களோடு கைகோத்து சீனப் பெருஞ்சுவரின் வாசலைத் திறந்துவிட்டார்.

அதற்காக வெள்ளிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அதன் பங்கு எவ்வளவு வந்தது என்பதில் அல்ல, எங்கே பரவியது என்பதில் இருந்தது. வெள்ளி வந்து இறங்கியது தெற்குக் கடற்கரையில். சுழன்றது யாங்சி கழிமுகத்துப் பட்டு நகரங்களில். வரி கேட்டதோ வடமேற்கு மலைக்கிராமத்திலும். கு யான்வு என்ற அறிஞர் மிங் வீழ்ச்சிக்குப் பின் மேற்கே பயணம் செய்தபோது கண்டதை எழுதியிருக்கிறார். நல்ல விளைச்சல், களம் நிறையத் தானியம். ஆனாலும் உழவர்கள் மனைவி மக்களை விற்கிறார்கள். வரி கட்ட வெள்ளி கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். அரசு தன்னால் உண்டாக்க முடியாத ஒரு பொருளை எல்லோரிடமும் கட்டாயமாகக் கேட்டது. என் கணிப்பில் இதுதான் மிங் வெள்ளிச் சிக்கலின் வேர். மஞ்சுக்கள் வந்த பிறகும் அது தீரவில்லை.

நம் பக்கம் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கே முகலாயர் நாணயச்சாலைகள் சூரத் வழியாக வந்த வெளிநாட்டு வெள்ளியை உருக்கி ரூபாயாக அடித்தன. தமிழ்நாட்டில் கதை சற்று வேறு. இங்கே வராகன், பணம் என்ற நாணயங்கள் தங்கத்தில் புழங்கின. 1610-இல் பழவேற்காட்டில் குடியேறிய டச்சுக்காரர்கள் இங்கே துணி வாங்கத் தங்கம் தேடினார்கள். 1660களில் ஜப்பானியத் தங்க நாணயங்களைக்கூட இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பு வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிதான் நன்றாகச் செல்லுபடியானது. மணிலாவில் ஆங்கிலேயருக்கு அனுமதி இல்லை. ஆகவே சென்னை வணிகர்கள் ஆர்மீனியர், போர்ச்சுகீசியர் பெயரில் துணிக் கப்பல் அனுப்பி அமெரிக்க வெள்ளியோடு திரும்பினார்கள். 1762-இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயப் படை புறப்பட்டதும் சென்னையிலிருந்துதான்.

முன்பு சொன்ன பெசோ, அதாவது ஸ்பானிய எட்டு ரியால் நாணயம், நம் மொழியிலும் ஒரு தடம் விட்டிருக்கிறது. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் அதுவே பொதுப் பணமாக இருந்ததால் சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் டாலரை 'வெள்ளி' என்கிறார்கள். மலாய் மொழியின் 'ரிங்கிட்' அந்த நாணயத்தின் பல்பல்லான விளிம்பைக் குறித்த சொல். சீனத்தின் 'யுவான்' அதன் வட்டத்தை. நாணயக் காட்சிக்குப் போனால் ஸ்பெயின் அரசன் மூன்றாம் சார்லஸ் தலை பொறித்த துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். பி, டி, எஸ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் அது பொட்டோசியில் அடித்தது. சீனாவுக்குப் போன நாணயங்களின் முகத்தில் சிறு சிறு எழுத்து முத்திரைகள் இருக்கும். கைமாறும்போது சராப்புகள், அதாவது நாணயம் சோதிப்பவர்கள், தரம் பார்த்துக் குத்தியவை. என்னிடம் இருக்கும் ஒன்றில் ஒன்பது முத்திரைகள் எண்ணினேன். அரசனின் மூக்கு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.